எங்கள் புளோக்கில் சமூகத் தோட்டம் போட்டால் ஆட்கள் பழகுவார்களா, சண்டைதான் மிஞ்சுமா?

செங்காங்_திருச்சிக்காரி கேட்டது:

வணக்கம். செங்காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்து ஆறு வருஷம், இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். எங்கள் தளத்தில் எட்டு வீடு. அதில் எனக்குப் பெயர் தெரிந்தவர் ஒரே ஒருவர். அதுவும் அவருக்கு வந்த பார்சலை எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனதால், பெட்டி மேல் எழுதியிருந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது. மற்றவர்களிடம் மின்தூக்கியில் சிரிப்பதோடு சரி.

வாசலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறேன். (நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் வைத்திருக்கிறேன், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) போன மாதம் எதிர்வீட்டுச் சீனத் தாத்தா அந்தத் தொட்டி முன்னால் குனிந்து நின்று, ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்ததும் திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி விறைத்துவிட்டார். "கறி, கறி" என்றேன். "ஓ, கறி" என்றார். நாலு கொத்து ஒடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கம்பிக் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே நாலு ஆரஞ்சு. மூன்று வருஷத்தில் அந்தத் தளத்தில் எனக்கு நடந்த பெரிய சம்பவம் இதுதான்.

அன்றிலிருந்து ஒரே யோசனை. எங்கள் புளோக்குக்கும் கார் நிறுத்தும் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு புல்தரை சும்மா கிடக்கிறது. குடியிருப்பாளர் குழுவில் போய் விசாரித்தேன். பத்துப் பேராவது சேர்ந்து வாருங்கள், இடத்துக்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும், தேசியப் பூங்காக் கழகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து யோசனை சொல்வார்கள் என்றார்கள். வீட்டில் வந்து சொன்னால் என் கணவர், "பத்துப் பேரை எங்கே போய்ப் பிடிப்பாய்? பிடித்தாலும் ஆறு மாதத்தில் புடலங்காய்க்கு அடித்துக்கொள்வீர்கள்" என்கிறார்.

கீரை வேண்டும் என்று நான் இதைக் கேட்கவில்லை. அது கீழே கடையிலேயே கிடைக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். தோட்டத்தால் அக்கம்பக்கம் நிஜமாகவே பழக்கமாகிறதா? இல்லை, ஏற்கெனவே பழகின நாலு பேர் இன்னும் கொஞ்சம் பழகுகிறார்களா?


மண்வெட்டி_விற்பனைக்கு எழுதியது:

நான் உங்கள் கணவர் கட்சி.

ஜூரோங் வெஸ்ட்டில் நாங்களும் ஆரம்பித்தோம். முதல் நாள் நாற்பது பேர் வந்தோம், எல்லாருக்கும் பச்சை டி-சட்டை. மூன்றாவது மாதம் எட்டுப் பேர். வருஷம் முடிகையில் மூன்று பேர். அதில் ஒருவர் வீடு மாறிப் போனார், இன்னொருவருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை. மிஞ்சினது நான். டிசம்பரில் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வெண்டைக்காய் முற்றி விறகாகியிருந்தது.

எங்கள் தப்பு என்னவென்று பிற்பாடு யோசித்தேன். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் வீட்டு எண். நான் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். எதிர்ப்பெட்டிக்காரர் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வருவார். ஒரு வருஷம் முழுக்க அவருடைய வெண்டையை எனக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தெரியாது.

தனியாக ஒரு பாத்திதான் ஆசை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. பூங்காக்களில் வாடகைப் பாத்தி தருகிறார்கள். இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், மூன்று வருஷக் குத்தகை. நான் விண்ணப்பித்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வரி தனி. ஆள் அதிகமானால் குலுக்கல். அங்கே யாரிடமும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு அதுதான் சரிப்படுகிறது.


பஸ்_அங்கிள் எழுதியது:

மகளே, உங்கள் கணவர் சொன்னதும் சரி, மண்வெட்டித் தம்பி சொன்னதும் சரி. எங்கள் தோட்டத்திலும் புடலங்காய்க்கு அடித்துக்கொண்டிருக்கிறோம். அடித்துக்கொள்ளவே ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

நான் 28 வருஷம் பேருந்து ஓட்டினேன். காலை முதல் வண்டியில் தினமும் அதே ஆட்கள் ஏறுவார்கள். யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார், யார் மழைநாளில் குடையை மறந்துவிட்டுப் போவார் என்று எல்லாம் தெரியும். பெயர் மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. அங் மோ கியோவில் எங்கள் புளோக்கிலும் அதே கதைதான். ஓய்வு பெற்ற வருஷம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் தோட்டத்துக்கு ஆள் தேவை என்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் என் மனைவிக்கு எரிச்சல். அதனால் போனேன். பதினோரு வருஷம் ஆகிறது.

1989இலிருந்து இங்கே ஒவ்வொரு புளோக்கிலும் இன்ன இனத்தார் இத்தனை விழுக்காடு வரை என்று வரம்பு இருக்கிறது. அதனால்தான் உங்கள் எதிர்வீட்டில் சீனத் தாத்தா, பக்கத்தில் மலாய்க் குடும்பம். ஒரே தளத்தில் குடிவைத்தாயிற்று, சரி. என்னவென்று பேச்சை ஆரம்பிப்பது? சும்மா நிற்கிறவனிடம் போய் யாரும் பேச மாட்டார்கள். கையில் தண்ணீர் வாளியோடு நிற்கிறவனிடம் யார் வேண்டுமானாலும் "அது என்ன செடி?" என்று கேட்கலாம். பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாலும் யாருக்கும் வருத்தம் வராது. உங்கள் தாத்தா இலையை மோந்து பார்த்தது அதுதான்.

எங்கள் சங்குப்பூக் கொடியைச் சொல்கிறேன். என் மனைவி பிள்ளையாருக்கு வைக்கிறாள் என்று நான் நட்டது. நாலாம் மாடி மாக்சிக் (மலாய் அம்மா) ஒருவர் அதைப் பார்த்துவிட்டு "பூங்கா தெலாங்!" என்று கத்தியே விட்டார். அவர்கள் வீட்டில் அந்தப் பூவை ஊற வைத்துப் பிழிந்து, சோற்றுக்கும் குவே என்கிற பலகாரத்துக்கும் நீல நிறம் ஏற்றுவார்களாம். சாமிக்கு வைக்கிற பூவைச் சோற்றில் போடுகிறார்களே என்று என் மனைவிக்கு முதலில் முகம் சுருங்கியது. நாங்கள் போவதற்குள் அவர் ஐந்தரை மணிக்கே இறங்கிப் பறித்துவிடுவார். என் மனைவி ஐந்தேகாலுக்கு இறங்கினாள். இப்படியே போனால் இரண்டு பேரும் தோட்டத்திலேயே பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான் என்று, வேலியின் அந்தப் பக்கம் இன்னொரு கொடி வைத்தோம். இப்போது ஒரு பக்கம் பிள்ளையாருக்கு, மறுபக்கம் குவேக்கு. ஹரி ராயாவுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு நீலக் குவே வருகிறது. என் மனைவி சாப்பிடுகிறாள். முதல் வருஷம் சாப்பிடவில்லை, நான்தான் முழுத் தட்டையும் முடித்தேன்.

இன்னொன்று முருங்கை. முருங்கைக்கு எங்களுக்குள்ளேயே ஏகப்பட்ட எதிர்ப்பு. வளர்ந்துகொண்டே போகும், காற்றில் ஒடியும். ஆள் உயரத்துக்கு மேல் போனால் வெட்டுவேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். ஆறாம் மாடிப் பாட்டி ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, அவர்கள் வீட்டுப் பணிப்பெண் சாயங்காலம் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வருவார். பிலிப்பினோப் பெண். ஒருநாள் மரத்தைக் காட்டி "மலுங்கை?" என்று கேட்டார். நான் "முருங்கை" என்றேன். "மலுங்கை" என்றார் மறுபடி. இப்படி நாலு முறை. என் உச்சரிப்பை அவர் திருத்துகிறார், அவருடையதை நான் திருத்துகிறேன். அவர்கள் ஊரில் கோழியும் இஞ்சியும் பச்சைப் பப்பாளியும் போட்டுக் கொதிக்க வைத்து, கடைசியில் இந்தக் கீரையை உருவிப் போட்டுச் சூப் வைப்பார்களாம். ஒரு வாரம் கழித்து மைலோ டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு கொஞ்சம் குறைவு, மற்றபடி நம் ஊர்ச் சாறு மாதிரியேதான்.

கீரை உருவுகிற நேரத்தில் பாட்டியின் நாற்காலி வேலியோரம் நிற்கும். பாட்டிக்குத் தியோச்சியூ என்கிற சீனக் கிளைமொழி மட்டும்தான் வரும், எனக்கு அது வராது. ஆனால் நான் தப்பாகக் களை எடுத்தால் கைத்தடியால் வேலியைத் தட்டுவார். அப்படியே பழகிவிட்டோம். ஒருமுறை இரண்டு நாள் ஆளையே காணவில்லை. நாங்கள் மூன்று பேர் ஆறாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினோம். மகன் திறந்தார், யார் நீங்கள் என்று பார்த்தார். பாட்டி தெம்பனீஸில் இன்னொரு மகன் வீட்டில் இருக்கிறாராம், நன்றாகத்தான் இருக்கிறாராம். "அடுத்த முறை சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்" என்று மாக்சிக் அந்த மகனைத் திட்டிவிட்டு வந்தார். அவர் எதற்குத் திட்டு வாங்கினோம் என்று தெரியாமல் "சாரி, சாரி" என்றார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். எல்லாரும் பழகிவிடவில்லை. எங்கள் புளோக்கில் நூற்றுக்கு மேல் வீடு இருக்கிறது, தோட்டத்தில் கைவைக்கிறவர்கள் பதினாலு பேர். ஆனால் வேலியோரம் நின்று பேசுகிறவர்கள் அதைப்போல் மூன்று மடங்கு. பத்துப் பேர் கிடைப்பார்களா என்று எண்ணுகிறீர்கள். நின்று பார்க்கப்போகிறவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.


செங்காங்_திருச்சிக்காரி எழுதியது:

அங்கிள், இதைப் படித்துவிட்டு என் கணவரே சிரித்துவிட்டார். அவருக்கு மலுங்கை ரொம்பப் பிடித்துப்போனது.

இரண்டு சந்தேகம். ஆளுக்கு ஒரு பாத்தியா, பொதுவாகவா? மண்வெட்டி அண்ணா சொன்னதைப் பார்த்தால் பொதுவாகத்தான் வைக்க வேண்டும் போல. அப்படி வைத்தால் யாரும் பொறுப்பு எடுத்துக்கொள்ள மாட்டார்களே? அப்புறம் பூட்டு. பக்கத்துப் பேட்டையில் ஒரு தோட்டம் பார்த்தேன். ஆள் உயர வேலி, எண் பூட்டு, உள்ளே யாரும் இல்லை. தக்காளி ஜெயிலில் இருப்பது மாதிரி இருந்தது. பூட்டாவிட்டால் திருட்டுப் போகும் என்றும் சொல்கிறார்கள்.


வரைபடம்_வாசிப்பவள் எழுதியது:

நகரத் திட்டமிடல் படித்தவள் என்பதால் பூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் காலியாகக் கிடந்த 541 மனைகளை எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குலுக்கல் முறையில் சில மனைகளைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, சில மரம் நட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018இல் முடிவு வெளியானது. வறுமை அதிகமுள்ள பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. அவை தோட்டம்கூட இல்லை, வெறும் புல்லும் சில மரமும்தான். அங்கே போட்ட வேலி எனக்கு மறக்கவில்லை. இடுப்புக்குக் கீழே நிற்கிற மரச்சட்ட வேலி, நடுவில் ஆள் நுழைய இடைவெளி. திருட்டுத்தனமாகக் குப்பை கொட்ட வருகிற வண்டி உள்ளே வர முடியாது, மனிதர் வரலாம். இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்று அந்த வேலி சொல்கிறது. வராதே என்று சொல்லவில்லை.

செங்காங்கை அந்த ஊரோடு ஒப்பிட முடியாது, தெரியும். ஆனால் வேலி எவ்வளவு உயரம் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். கம்பி வலை ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு யாரும் இறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. நிலம் உங்களுடையது இல்லை. நியூயார்க்கில் மக்கள் பல வருஷம் பாடுபட்டு வளர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை 1999இல் நகர நிர்வாகம் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. கடைசி நேரத்தில் இரண்டு அமைப்புகள் பணம் திரட்டி வாங்கியதால் தப்பின. இங்கேயும் அந்தப் புல்தரைக்கு வேறு திட்டம் வரலாம். மரத்தை நம்பாமல் பெட்டியில் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.


பஸ்_அங்கிள் எழுதியது:

வேலியைப் பற்றி இந்தப் பெண் சொல்வது சரி. நாங்கள் அதை அடிபட்டுத்தான் கற்றோம்.

முதல் மூன்று வருஷம் எங்களுடையதும் ஜெயில்தான். பூட்டு எண் பதினாலு பேருக்கு மட்டும் தெரியும். பாகற்காய் திருடு போனது. எண்ணை மாற்றினோம், மறுபடியும் போனது. பதினாலு பேரில் ஒருவர்தான் எடுக்கிறார் என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம். ஒருவர் கேமரா வைக்கலாம் என்றார். ஒரு வெள்ளி பாகற்காய்க்கு ஐந்நூறு வெள்ளி கேமரா! வேலிக்கு வெளியே இருந்தவர்கள் வேறு, எல்லாருக்கும் பொதுவான இடத்தை நாலு பேர் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று புகார் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அப்புறம் எங்களில் ஒரு சீன அம்மா, காய்கறிச் சந்தையில் கடை வைத்திருந்தவர், ஒரு யோசனை சொன்னார். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தேவைப்படுகிறது, முழுசாகத் தேவைப்படாதது எதுவோ அதை வெளியே நடலாம் என்றார். சமைக்கிறபோது இரண்டு பண்டான் இலை, ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு தண்டு செராய். (எலுமிச்சைப்புல் என்றால் எங்கள் புளோக்கில் எனக்கே புரியாது.) அதற்காக யாரும் கடைக்கு இறங்க விரும்ப மாட்டார்கள். அனுமதி கேட்டு, வேலியின் வெளிப்பக்கம் நீளத்துக்கு அந்த மூன்றையும் நட்டோம். நாலு மொழியில் ஒரு பலகை: வேண்டிய அளவு பறித்துக்கொள்ளுங்கள், வேரை விட்டுவிடுங்கள்.

முதல் வாரமே செராய் ஒரு தூர் வேரோடு போனது. மறுபடி நட்டோம், மறுபடி போனது. மூன்றாவது தூர் நின்றது. யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டிக்குப் போதுமான அளவு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு உள்ளே திருட்டு நின்றதா என்றால், நிற்கவில்லை. போன மாதம்கூட ஒரு பூசணி போனது. ஆனால் புகார் நின்றது. சாயங்காலம் அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து கறிவேப்பிலை பறிக்கிறவர்கள் வேலியோரம் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் நான் பாதிப் பேரின் பெயரைத் தெரிந்துகொண்டேன்.

பாத்தி விஷயம். நாங்கள் பாதிக்குப் பாதி. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, கர்வத்துக்கு. மற்றதெல்லாம் பொது. தண்ணீர் ஊற்றுவது மட்டும் பட்டியல் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு பேர், தனியாக வரவே கூடாது. மண்வெட்டித் தம்பியின் தோட்டம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. சேர்ந்து வருகிறவர்கள் பேசாமல் இருக்க முடியாது. பேசாமலே தண்ணீர் ஊற்றுகிற ஜோடியும் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவர்களுக்கும் அது பிடித்துத்தான் வருகிறார்கள்.

சண்டை வரும், எனக்கே வந்தது. உரம் என்று நினைத்து மீன் செதிலையும் குடலையும் முக்கால் அடி ஆழத்தில் புதைத்தேன். பூனை தோண்டிப் போட்டுவிட்டது. அன்று காற்று இரண்டாம் மாடிப் பக்கம். அந்த வீட்டுப் பெண் இறங்கி வந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். நான் மறுநாள் நாலு பாகற்காயோடு போய் மன்னிப்புக் கேட்டேன். பாகற்காய் பிடிக்காது என்று கதவைச் சாத்தினார். இன்றுவரை அவர் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் ஜன்னலில் நின்று, "அங்கிள், குழாய் சொட்டுது!" என்று கத்துவார். அதுவும் வேண்டியிருக்கிறது. இப்போது கோப்பிக்கடையில் வடிகட்டின தூளை வாங்கி வந்து, காய்ந்த இலையோடு கலந்து மூடி வைக்கிறோம். நாற்றம் இல்லை. தோட்டமே கோப்பிக்கடை மாதிரி மணக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், அது புகழா புகாரா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் விளையாட்டு இல்லை. டெங்கிக் கொசு. தேசியச் சுற்றுப்புற வாரியத்து அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார். வாளியைக் கவிழ்த்து வையுங்கள், தொட்டிக்கு அடியில் தட்டே வைக்காதீர்கள். இறுகிப்போன மண்ணைக் கிளறி விடுங்கள், அதன் மேல் நீர் தேங்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது மூங்கில். பாகற்பந்தலுக்கு மூங்கில் நடுவோம், மேல் முனை வெட்டின கிண்ணம் மாதிரி திறந்திருக்கும். மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் அரைக் குவளை நீர். நாங்கள் மணலை நிரப்பி அடைத்துவிட்டோம். இந்த ஒரு வேலையை முதல் நாளே செய்துவிடுங்கள்.


மண்வெட்டி_விற்பனைக்கு எழுதியது:

இரண்டு இரண்டு பேராகத் தண்ணீர் ஊற்றுவது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கிள், ஒரு கேள்வி. பிள்ளைகள் வருகிறார்களா? எங்களிடம் பிள்ளைகள் ஒரே ஒரு நாள் வந்தார்கள். பள்ளிக்கூடம் அழைத்து வந்தது. படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள்.


பஸ்_அங்கிள் எழுதியது:

செடிக்காக எந்தப் பிள்ளையும் வரவில்லை தம்பி. புழுவுக்காக வந்தார்கள்.

சீனப் புத்தாண்டு முடிந்து பதினைந்து நாளில் தொட்டியில் காய்த்த சின்ன ஆரஞ்சுச் செடிகளைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு வருஷம் ஏழு செடியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். பாதி பிழைத்தது. அதிலும் கறிவேப்பிலையிலும் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை வைக்கும். புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கை வைக்கவே தோன்றாது. கொஞ்ச நாளில் பச்சையாகி விரல் பருமனுக்கு வரும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீளும், அழுகின பழ வாடை அடிக்கும். ஐந்தாம் மாடிப் பையன் ஒருவன் அதை ஒருமுறை பார்த்தான். மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். கொம்பை வெளியே வரவைக்கப் போட்டி.

எனக்குப் புழு என்றாலே நசுக்கித்தான் பழக்கம். அந்தக் கறிவேப்பிலையை மொட்டையடித்துவிட்டது, வயிற்றெரிச்சல். நசுக்கப் போனேன், ஏழு பேரும் அழுகை. கடைசியில் ஒரு செடியைப் புழுவுக்கு என்று ஒதுக்கிவிட்டோம். மற்ற செடியில் பார்த்தால் பிள்ளைகளே இலையோடு எடுத்து அங்கே மாற்றிவிடுவார்கள். பிள்ளையைத் தேடி அம்மா இறங்கி வருவார், அம்மாவைத் தேடி அப்பா. அந்தப் பையனின் அப்பாதான் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறார். அவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பட்டியல் போடத் தெரியும், அது போதும்.

2005இல் தேசியப் பூங்காக் கழகம் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்று ஆரம்பித்ததிலிருந்து இன்றைக்குத் தீவு முழுக்க ஏறத்தாழ 2,000 தோட்டம் வந்துவிட்டது. விருதும் உண்டு. விருதுக்கு மட்டும் முதல் வருஷமே ஆசைப்படாதீர்கள் மகளே. நடுவர் வருகிறார் என்றால் நம் ஆட்கள் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள், புழுவையும் விட மாட்டார்கள்.


செங்காங்_திருச்சிக்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நோட்டீஸ் ஒட்டினேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் நானே எழுதினேன். சீனத்துக்கு எதிர்வீட்டுத் தாத்தாவிடம் போனேன். தூரிகையை எடுத்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதிக் கொடுத்தார். நோட்டீஸா கோயில் பலகையா என்று சந்தேகம் வருகிற அளவு அழகு. மலாய்க்கு ஏழாம் மாடியில் ஒரு பெண்ணை மின்தூக்கியில் நிறுத்திக் கேட்டேன். கேட்ட பிறகுதான் அவர் பெயர் தெரிந்தது.

சனிக்கிழமை கீழ்த்தளத்தில் கூடினோம். பத்து வரவில்லை, ஆறுதான். தாத்தா, ஏழாம் மாடிப் பெண், அவருடைய அம்மா, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, நான். கணவர் வரவில்லை. வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு எல்லாருக்கும் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தார். தாத்தா சின்ன வயதில் காய்கறிப் பண்ணையில் வளர்ந்தவராம். புல்தரையில் கையால் ஒரு பிடி மண்ணைத் தோண்டி எடுத்து, உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சுத்தக் களிமண், ஒன்றும் ஆகாது என்றார். சொல்லும்போது ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

குடியிருப்பாளர் குழுவில் ஆறு பேரையும் நின்று பார்க்கப்போகிறவர்களையும் சேர்த்துப் பத்து என்று சொல்லியிருக்கிறேன். அங்கிள் சொல்லிக் கொடுத்த கணக்கு. அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அங்கிள், உங்கள் வேலியோரக் கறிவேப்பிலையில் பக்கக் கன்று இருக்கிறதா?


பஸ்_அங்கிள் எழுதியது:

மூன்று இருக்கிறது. ஒன்றில் புழு, அது வராது. மற்ற இரண்டையும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டியும் இருப்பார். நல்ல கெட்டிப் பையாகக் கொண்டுவாருங்கள். வேர் மண் பேருந்தில் சிந்தினால் கூட்டுவது யார் என்று எனக்குத் தெரியும்.